போட்டித் தேர்வுக்கு வரலாற்றுக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கேள்வித்தாள் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பால்ஃபர் பிரகடனம் எந்த ஆண்டு, போல்ஷ்விக் புரட்சி எந்த ஆண்டு, மாண்டேகு இந்தியாவுக்கு வந்தது எந்த ஆண்டு என்று நீங்கள் தனித்தனியாகக் கேட்பீர்கள். பிள்ளைகளும் மூன்றுக்கும் 1917 என்று வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். மூன்றும் ஒரே மாதம், அதுவும் நவம்பர் 2, 7, 10 என்று ஒன்பது நாளுக்குள் அடுத்தடுத்து நடந்தவை என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மார்க் கிடைக்கப் போவதில்லை, அதனால் யாரும் அவர்களுக்குச் சொல்வதும் இல்லை. எங்கள் ஊர் நூலகத்தில் மாலை நேரத்தில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு உட்காருகிறவன் நான், அந்தப் பழக்கத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரே ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 நவம்பர்.

மாண்டேகுவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்ற சொல்லை நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எட்வின் மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர். 1917 ஆகஸ்ட் 20ஆம் தேதி லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி கொடுப்பதே அரசின் கொள்கை என்று அறிவித்தவர். இதுவரை உங்கள் கேள்வித்தாளில் உண்டு. அதே மனிதர் மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 23ஆம் தேதி, தன் சொந்த அரசு யூதர்களுக்கு எதிரானது என்று தலைப்பு போட்டு அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு எழுதினாரே, அது எந்த வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது? மாண்டேகுவே ஒரு யூதர். அப்போது தயாராகிக்கொண்டிருந்த பால்ஃபர் பிரகடனத்தின் மூலம் பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லம் என்று பிரிட்டன் அறிவித்துவிட்டால் மற்ற நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற யூதர்களை எல்லாம் உன் வீடு அங்கே இருக்கிறது, கிளம்பு என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் பயம். அக்டோபரில் அமைச்சரவையில் அவர் பேசியதில் இன்னொன்றும் உண்டு: என் தாயகம் துருக்கி ஆட்சிக்கு உட்பட்ட ஏதோ ஒரு நிலம்தான் என்று என் அரசே உலகுக்குச் சொல்லிவிட்ட பிறகு, அந்த அரசின் சார்பாக இந்திய மக்களோடு நான் எந்த முகத்தோடு பேசுவது என்கிற பொருளில்.

பாருங்கள், பாலஸ்தீனமும் இந்தியாவும் ஒரே ஆளின் ஒரே கவலைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. நாம்தான் ஒன்றை உலக வரலாறு, இன்னொன்றை இந்திய தேசிய இயக்கம் என்று பிரித்து, நடுவில் நூறு பக்கத்தை வைத்துவிட்டோம்.

சரி, அப்புறம் என்ன ஆனது? அக்டோபரில் மாண்டேகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அவர் பயணத்தில் இருக்கும்போதே 31ஆம் தேதி போர் அமைச்சரவை அந்தப் பிரகடனத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நவம்பர் 2ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூதர்களின் முக்கியப் பிரமுகரான ரோத்ஸ்சைல்டு பிரபுவுக்கு அந்தப் பிரகடனத்தைக் கடிதமாக அனுப்பினார். ஆங்கிலத்தில் 67 சொல், அவ்வளவுதான். அதில் பாலஸ்தீனத்தில் வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபு மக்களின் பெயரே கிடையாது, யூதர் அல்லாத சமூகங்கள் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த மக்கள் கதி என்ன என்று அமைச்சரவைக்குள் கேட்டவர் யார் தெரியுமா? கர்சன். வங்காளத்தை 1905இல் இரண்டாக வெட்டிய அதே கர்சன் பிரபு. மாண்டேகுவின் ஆகஸ்ட் அறிவிப்பில் பொறுப்பாட்சி என்ற சொல்லைப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். வங்காளப் பிரிவினை, ஆகஸ்ட் அறிவிப்பு, பால்ஃபர் பிரகடனம் மூன்றிலும் கை வைத்த ஒரு மனிதரை நீங்கள் வங்காளப் பிரிவினையோடு நிறுத்திவிட்டு அனுப்பிவிடுகிறீர்கள்.

மாண்டேகு நவம்பர் 10ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். தான் அவ்வளவு எதிர்த்த பிரகடனம் வெளியாகிவிட்ட செய்தி இந்தியா வந்த கையோடு ராய்ட்டர் தந்தியாக அவரைத் தேடி வந்தது. அந்த மனநிலையோடுதான் அவர் டெல்லியில் காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்களையும் காந்தியையும் சந்தித்தார், டிசம்பரில் சென்னைக்கும் வந்தார். பிராமணரல்லாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று நீதிக் கட்சிக்காரர்கள் அவரிடம் மனு கொடுத்ததை நம் புத்தகங்கள் சொல்கின்றன, நல்லது. ஒரு சமூகத்துக்கு அரசியலில் தனி அடையாளம் கொடுப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் லண்டனில் சொந்த வாழ்க்கையையே பணயம் வைத்துச் சண்டை போட்டுத் தோற்றுவிட்டு வந்த மனிதரிடம்தான் அந்த மனு போனது என்று சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்தக் காட்சியே ஒரு முழுப் பாடம்.

இப்போது பெட்ரோகிராடு, அன்றைய ரஷ்யாவின் தலைநகர். நவம்பர் 7ஆம் தேதி இரவு போல்ஷ்விக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அக்டோபர் புரட்சி நவம்பரில் நடந்தது ஏன் என்ற கேள்வி உங்களுக்கு ரொம்பப் பிடித்தமானது, தெரியும். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கி இருந்தது, கேள்வி தீர்ந்தது, அதைத் தாண்டிப் போகலாம்.

தாண்டிப் போனால் என்ன கிடைக்கிறது என்றால், பால்ஃபர் கடிதத்துக்கும் இந்தப் புரட்சிக்கும் இடையே வெறும் ஐந்து நாள். அந்தக் கடிதத்தை அவ்வளவு அவசரமாக வெளியிட்டதற்கு ஒரு காரணம், ரஷ்ய யூதர்களின் ஆதரவு கிடைத்தால் ரஷ்யா போரை விட்டு விலகாமல் இருக்கும் என்று லண்டனில் போட்ட கணக்கு. கடிதம் பத்திரிகைகளில் அச்சானது 9ஆம் தேதி. அதற்கு முந்திய நாளே லெனின் அமைதிக்கான ஆணையைக் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார். அதாவது வாசகர் கையில் கடிதம் போய்ச் சேரும்போது அந்தக் கணக்கில் ரஷ்யப் பகுதி ஏற்கனவே தப்பாகிப் போயிருந்தது. கணக்கு தப்பினாலும் வாக்குறுதி நின்றுவிட்டது, அதன் விளைவை இன்றைக்கும் செய்தியில் பார்க்கிறோம்.

இதோடு முடியவில்லை. வெளியுறவுப் பொறுப்பை ஏற்ற டிராட்ஸ்கி, ஜார் காலத்து அலமாரியைத் திறந்து ரகசிய ஒப்பந்தங்களை எடுத்து 23ஆம் தேதியிலிருந்து இஸ்வெஸ்தியா, பிராவ்தா பத்திரிகைகளில் போட ஆரம்பித்தார். 26ஆம் தேதி இங்கிலாந்தில் மான்செஸ்டர் கார்டியனும் வெளியிட்டது. அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் கூறுபோட்டுக்கொள்ள 1916இல் செய்துகொண்ட சைக்ஸ்–பிகாட் ஒப்பந்தம் இப்படித்தான் சந்திக்கு வந்தது. துருக்கியை எதிர்த்துக் கிளம்பினால் சுதந்திர அரசு என்று மெக்காவின் ஷெரீப் ஹுசைனுக்குக் கடிதத்தில் ஒரு வாக்கு, பிரான்சுக்கு ஒரு வாக்கு, மூன்று வாரம் முன்பு ரோத்ஸ்சைல்டுக்கு ஒரு வாக்கு. ஒரே மனையை மூன்று பேருக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுக்கிற புரோக்கரை நாம் பார்த்ததில்லையா, அதேதான். துருக்கியின் தளபதி ஜமால் பாஷா டிசம்பரில் பெய்ரூட்டில் இதை எடுத்துவைத்து, பாருங்கள் உங்கள் நண்பர்கள் லட்சணத்தை என்று அரபுகளிடம் பேசினார்.

அந்த ரகசிய ஒப்பந்தக் கட்டுக்குள் இத்தாலிக்கு 1915இல் லண்டனில் கொடுத்த வாக்குறுதியும் இருந்தது, போரில் சேர்ந்தால் இன்னின்ன நிலம் தருகிறோம் என்று. அது அம்பலமான அதே நாட்களில் இத்தாலியின் படை, கபொரெட்டோ தோல்விக்குப் பிறகு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைதிகளாக விட்டுவிட்டுப் பியாவே ஆற்றுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. அங்கே செத்த விவசாயிக்கு எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று தெரியாது, பெட்ரோகிராடில் பத்திரிகை வாங்கினவனுக்குத் தெரியும்.

மேற்கு முனைச் செய்திகளை நான் நீட்டப் போவதில்லை. பெல்ஜியத்தின் பாஷண்டேல் கிராமத்தைக் கனடியர்கள் 6ஆம் தேதி பிடித்தார்கள், 10ஆம் தேதியோடு அந்தச் சேற்றுப் போர் முடிந்தது. 16ஆம் தேதி 76 வயது கிளெமென்சோ பிரான்சின் பிரதமரானார். 20ஆம் தேதி காம்ப்ரேயில் நானூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளைப் பிரிட்டன் ஓட்டிக்கொண்டு போனது, வெற்றி என்று இங்கிலாந்தில் தேவாலய மணி எல்லாம் அடித்தார்கள், 30ஆம் தேதி ஜெர்மானியர்கள் திருப்பி அடித்துப் பிடித்த இடத்தில் பெரும்பகுதியை மீட்கத் தொடங்கிவிட்டார்கள். அதே 30ஆம் தேதி கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தன் ஆய்வு நிறுவனத்தைத் திறந்துவைத்தார். 19ஆம் தேதி அலகாபாத்தில் இந்திரா பிறந்தார். கடைசி இரண்டையும் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

நீங்கள் கேட்கவே கேட்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பெண்களின் ஓட்டு.

நவம்பர் 6ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் பொது வாக்கெடுப்பு, பெண்களுக்கு ஓட்டுரிமை நிறைவேறியது. இரண்டு வருஷம் முன்பு இதே மாநில ஆண்கள் முடியாது என்று தள்ளியது. அடுத்த வாரமே, 14ஆம் தேதி இரவு, வெர்ஜீனியாவின் ஆக்கோகுவான் சிறைக்கூடத்தில் வெள்ளை மாளிகை முன் பதாகை பிடித்து நின்ற குற்றத்துக்காக 33 பெண்களை அடித்து இழுத்து அறைக்குள் தள்ளினார்கள். சட்டப்படி குற்றச்சாட்டு போக்குவரத்துக்கு இடைஞ்சல். லூசி பர்ன்ஸ் என்பவரின் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கம்பியோடு விலங்கு போட்டு ராத்திரி முழுக்க நிற்க வைத்தார்கள். வாஷிங்டன் சிறையில் உண்ணாவிரதம் இருந்த, அந்தப் போராட்டத்தின் தலைவி அலைஸ் பாலுக்குக் குழாயைத் திணித்து உணவு ஊற்றினார்கள். ஜனநாயகத்தைக் காப்பாற்ற ஐரோப்பாவுக்குப் படை அனுப்பிய நாட்டின் கதை இது. அதே மாதம் 25ஆம் தேதி ரஷ்யாவில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் தொடங்கியது. ஜார் ஆட்சி போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அங்கே பெண்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். (அந்தத் தேர்தலில் லெனின் கட்சிக்குக் கிடைத்தது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஓட்டுதான். ஜனவரியில் கூடிய சபையை ஒரே அமர்வோடு கலைத்துவிட்டார்கள், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.)

இது சென்னைக்கும் வந்தது. 1917 மே மாதம் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தினர் முன்முயற்சி எடுத்து, சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் தூதுக்குழு டிசம்பரில் சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து, ஓட்டுரிமை வருமானால் பெண்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டது. 1919 சட்டம் அந்தப் பொறுப்பை மாகாணங்கள் தலையில் கட்டியது. மாகாணங்களில் முதல் ஆளாகச் சென்னை சட்டமன்றம் 1921இல் தீர்மானம் போட்டுக் கொடுத்தது. சொத்து நிபந்தனையால் மிகச் சிலருக்குத்தான் கிடைத்தது, ஆனாலும் கொடுத்தது. நியூயார்க்கும் பெட்ரோகிராடும் இல்லாமல் இந்தத் தூதுக்குழுவை மட்டும் தனியாக எடுத்து வைத்தால், பாவம் யாரோ நாலு பேர் மனு கொடுத்தார்கள் என்றுதான் தோன்றும்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். லட்சக்கணக்கான பேர் எழுதுகிறார்கள், இயந்திரம் திருத்துகிறது, ஒரு விடைதான் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது நீதிமன்றத்துக்குப் போய்விடுவார்கள். நியாயம்தான். கட்டுரை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை, நாலு விடையும் அப்படியே இருக்கட்டும். ரகசிய ஒப்பந்தங்கள் அம்பலமாகக் காரணமாக இருந்த நிகழ்வு எது என்று கேட்கலாமே. பால்ஃபர் பிரகடனம், புரட்சி, மாண்டேகு வருகை, சைக்ஸ்–பிகாட் அம்பலம் நான்கையும் கொடுத்துக் கால வரிசைப்படுத்தச் சொல்லலாம், நாளே தெரியாவிட்டாலும் எதனால் எது நடந்தது என்று யோசிக்கிற பிள்ளை பாதியாவது சரியாக வைத்துவிடும். கூற்று, காரணம் என்று ஒரு வகைக் கேள்வி நீங்களே வைத்திருக்கிறீர்கள், அதில் ஏன் எப்போதும் காரணத்தைப் பாடப்புத்தகத்தின் அடுத்த வரியிலிருந்தே எடுக்கிறீர்கள்?

இப்படிக் கேட்க ஆரம்பித்தால் பயிற்சி மையங்களும் ஆறு மாதத்தில் மாறிவிடும், அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் நோட்ஸ் போடுகிறார்கள். நூலகத்தில் என்னிடம் வந்து, சார் இது கேட்பாங்களா என்று கேட்கிற பிள்ளைக்கு நானும் ஆமாம் என்று சொல்லலாம்.

முதல் தவணையாக ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த தாளில் மாண்டேகு வந்தால், 1917இல் இவர் அமைச்சரவையில் எதிர்த்துத் தோற்ற திட்டம் எந்த நிலத்தைப் பற்றியது என்று கேட்டுவிட்டு அயர்லாந்து, எகிப்து, பாலஸ்தீனம், மெசபடோமியா என்று நாலு விடை போடுங்கள்.

இப்படிக்கு,
மாலை நேரத்து நூலகத்தில் உங்கள் பழைய கேள்வித்தாள்களைத் திருத்துகிற ஒருவன்