சிறந்த மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் பேஸ்பால் எழுத்தாளர்களுக்கு

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் ஆண்டின் சிறந்த மேலாளருக்கு (ஆட்டத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளருக்கு) வாக்களிப்பவர்களுக்கு, வணக்கம்.

1983 முதல் நீங்கள் தரும் இந்த விருது பெரும்பாலும் மேலாளரின் வேலைக்குப் போவதில்லை. சீசனுக்கு முன் நீங்கள் போட்ட கணக்கு பொய்த்துப்போனால், பொய்யாக்கிய அணியின் மேலாளருக்குப் போகிறது. மேலாளர் புரூஸ் போச்சி, சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை நான்கு முறை வென்றவர். உங்களிடம் வாங்கியது ஒரே விருது, அதுவும் முதல் கோப்பைக்கு 14 ஆண்டு முன்பு, 1996இல்.

பக் ஷோவால்டருக்கு நான்கு விருது கொடுத்திருக்கிறீர்கள். அவருடைய பால்டிமோர் ஓரியோல்ஸ் 2012இல் எடுத்த ஓட்டம் 712, விட்டுக்கொடுத்தது 705. இப்படிப்பட்ட அணி 162 ஆட்டத்தில் 82 வெல்லும், வென்றது 93. காரணம், ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. மறு ஆண்டும் அவரே மேலாளர். அதே வகை ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. ஒரு குளிர்காலத்தில் அவர் தொழிலை மறந்துவிட்டாரா என்ன?

பேட்டிங் வரிசையை எவ்வளவு நுணுக்கமாக அடுக்கினாலும் சீசன் முழுக்கப் பத்து, பதினைந்து ஓட்டம்தான் மிஞ்சும். பத்து ஓட்டம் சுமார் ஒரு வெற்றி. பன்ட் (பேஸில் நிற்பவரை நகர்த்த, பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு பேட்டர் தான் அவுட் ஆவது) அடிக்கச் சொல்வது பெரும்பாலும் நஷ்டம். அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் நின்றால் அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.9 ஓட்டம் வரும். ஒரு அவுட்டைக் கொடுத்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினால் 0.7 ஆகிவிடும்.

மேலாளரின் கை உண்மையில் தெரிவது பல்பென்னில், அதாவது மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருந்து தயாராகும் இடத்தில். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய 2016 வைல்ட் கார்ட் ஆட்டம், டொராண்டோ அணியின் மைதானம், 11ஆவது இன்னிங்ஸ், 2-2. அந்த சீசனில் 47 சேவ் (முன்னிலையைக் கடைசி வரை காத்து ஆட்டத்தை முடிப்பது) வாய்ப்பில் 47ஐயும் முடித்த பந்துவீச்சாளர் ஸாக் பிரிட்டனை, முன்னிலை கிடைத்த பிறகு இறக்கலாம் என்று ஷோவால்டர் உட்கார வைத்திருந்தார். எதிரணி மைதானத்தில் சமநிலை என்றால், அவர்கள் எடுக்கும் அடுத்த ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிடும். டொராண்டோவின் எட்வின் என்கார்னேசியன் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். பிரிட்டன் ஒரு பந்தும் வீசாமல் ஓரியோல்ஸ் வீட்டுக்குக் கிளம்பியது.

இதாவது ஊரே பார்த்தது. பார்க்காத தவறு ஒன்று உண்டு: ரிலீவரை (மாற்றுப் பந்துவீச்சாளரை) எழுப்பிக் கையைச் சூடேற்ற வைத்து, இறக்காமலே உட்கார வைப்பது. இருபது பந்து வீசியிருப்பார். பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலில்) அது 'ஓய்வு நாள்'. இதையே வாரம் மூன்று முறை செய்தால் ஆகஸ்டில் அவர் வேகம் இறங்கும், பழி பிட்ச்சர் தலையில் விழும்.

பிரஸ் பாக்ஸில் இருந்து பல்பென் கண்ணுக்குத் தெரியும். யார் எழுந்தார், எத்தனை முறை, இறங்கினாரா இல்லையா என்று ஸ்கோர் நோட்டின் ஓரத்தில் ஏப்ரல் முதலே குறித்து வாருங்கள். செப்டம்பர் கடைசியில் வாக்குச்சீட்டில் மூன்று பெயரை எழுதும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.