லேன் கார்டை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "நெட்வொர்க் ரொம்ப ஸ்லோ, புது லேன் கார்டு குடுங்க" என்று ரிச்சி தெருவுக்கு வருகிறவர்களில் பலருக்குப் புதுக் கார்டு தேவையே இல்லை. வீண் செலவு வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த மடல்.

தகவலைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் போகவேண்டிய முகவரியையும் தன் முகவரியையும் எழுதிக் கேபிளில் விடுவது லேன் கார்டின் வேலை. அந்த முகவரிதான் 48 பிட் நீளமுள்ள மேக் அட்ரஸ். கேபிளைச் செருகியதும் கார்டும் சுவிட்சும் (பல கணினிகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டி) தங்களுக்குள் பேசி ஒரு வேகத்தை முடிவுசெய்யும். அது என்ன வேகம் என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, என்சிபிஏ டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஈதர்நெட்டை இருமுறை கிளிக் செய்தால் ஸ்பீடு தெரியும்.

கார்டு, சுவிட்ச் இரண்டும் கிகாபிட்டாக (1000 எம்பிபிஎஸ்) இருந்தும் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால், முதல் சந்தேகம் கேபிள்மேல்தான். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 1 ஜிபி டேலி பேக்கப், பத்து விநாடியில் போகவேண்டியது, ஒன்றரை நிமிடம் எடுக்கும்.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு ஒன்று உண்டு. கேபிள் முனையில் ஆர்ஜே 45 பிளக்கைக் கிரிம்ப் செய்பவர் (அழுத்திப் பொருத்துபவர்) தனக்குத் தோன்றிய வண்ண வரிசையில், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார். சாதா டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் 3, 6 இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்கவேண்டும். வேறு வேறு ஜோடியிலிருந்து வந்தால் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் புகுந்து, பொட்டலங்கள் கெட்டுப்போகும். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

கேபிள் வாங்கும்போது கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம்; மடித்தால் ஒடியும், தூரம் போகாது. முழுத் தாமிரமே 100 மீட்டர் வரைக்கும்தான்.

கார்டிலும் சுவிட்சிலும் வேக அமைப்பை ஆட்டோவிலேயே விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) என்று பூட்டினால், மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) போய்விடும். பிங் (இணைப்பைச் சோதிக்கும் சின்னப் பொட்டலம்) போகும், பெரிய ஃபைல் திணறும்.

கார்டு உண்மையாகவே போவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை இடி மழையில். மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டிடத்துக்கு இழுத்த தாமிரக் கேபிள் மின்னலின் அதிர்வை நேராக உள்ளே கொண்டுவரும். அந்தத் தூரத்துக்கு ஃபைபரும் (மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிள்), அதன் இரு முனையிலும் தாமிரக் கேபிளோடு இணைக்கும் இரண்டு மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மதர்போர்டிலுள்ள லேன் மட்டும் போயிருந்தால் போர்டை மாற்றவேண்டாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அதை அணைத்துவிட்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் கிகாபிட் கார்டு ஒன்றைப் போட்டால் போதும். மேக் அட்ரஸ் மாறும் என்பதால், ரவுட்டரில் பழைய முகவரிக்கென ஒதுக்கிய ஐபியைப் புது முகவரிக்கு மாற்றுங்கள். மறந்தால் பிரிண்டர் ஷேரிங் நின்றுவிடலாம்.

கடைக்கு வரும்போது கேபினெட்டின் பின்புறத்தைப் படம் எடுத்து வாருங்கள். ஒல்லிக் கேபினெட்டுக்குக் குட்டை பிராக்கெட் (கார்டைப் பின்புறத்தில் பொருத்தும் தகடு) வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெட்வொர்க் கடையினர்,
ரிச்சி தெரு, சென்னை