டெமோ அறையில் கொஞ்சம் தவிலும் ஒலிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்பீக்கர் மதிப்பீட்டைப் படித்தேன். விலை, எடை, பெட்டியின் மர நிறம், எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வேண்டும் என்பதெல்லாம் விவரமாகவே இருந்தது. குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறது, பேஸ் நல்ல ஆழம் என்று பாராட்டும் இருந்தது. இதையெல்லாம் எதைக் கேட்டு முடிவு செய்தார் என்று பார்த்தால், ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’, அப்புறம் பியானோவோடு ஒரு பெண் மெதுவாகப் பாடும் ஜாஸ் பாட்டு ஒன்று, அவ்வளவுதான். தமிழ் வாசகர்களுக்காக எழுதிய கட்டுரை, ஆனால் அவர்கள் வீட்டில் ஓடப்போகும் எந்த இசையும் அந்த ஸ்பீக்கரில் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, உலகம் முழுக்க இந்தத் துறையில் இதுதான் வழக்கம். அந்த வழக்கமே சரியில்லை என்பதுதான் என் கட்சி.

ஷோரூம்களில் போடும் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ 1976-இல் வந்த பழைய பதிவு இல்லை, 1994-இல் மேடையில் வாசித்துப் பதிவு செய்தது. கிடார் மட்டும் தனியாக ஆரம்பிக்கும், கூட்டத்தின் ஆரவாரம் பின்னால் கேட்கும், அப்புறம் அடிவயிற்றில் இடிப்பதுபோல் ஒரு தோல் வாத்தியம் ‘தும்’ என்று இறங்கும், அந்த நேரம் பார்த்து விற்பனையாளர் சத்தத்தை ஒரு புள்ளி ஏற்றிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 1985 ஆல்பமும் அப்படித்தான், சிடி யுகத்துக்கே விளம்பரமாக இருந்தது, இன்னும் டெமோ அறைகளை விட்டு வெளியே வரவில்லை. நல்ல பாட்டுகள்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வாத்தியங்கள் குறைவு, ஒவ்வொன்றையும் கிட்டத்தில் மைக் வைத்துப் பக்குவமாகப் பதிவு செய்திருக்கிறார்கள், நடுவில் நிறைய இடைவெளி, எதுவும் எதன் மேலும் ஏறி மிதிக்காது. இருபதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரிலும் அது நன்றாக இருக்கும், இரண்டு லட்ச ரூபாய் ஸ்பீக்கரிலும் நன்றாக இருக்கும். கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசப் போகிறவர்கள் கேசரியை மட்டும் ருசி பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட மாட்டார்கள், ரசம் வைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். நெய்யும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டால் கேசரியை யார் கிண்டினாலும் நன்றாகத்தானே இருக்கும்?

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், அவரோடு வேலை செய்த ஷான் ஆலிவ் இரண்டு பேரையும் இந்தத் துறையில் தெரியாதவர் கிடையாது. எதைப் போட்டால் ஸ்பீக்கரின் குறை சட்டென்று பிடிபடுகிறது என்று 1990-களில் ஆலிவ் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தார். முதலில் வந்தது பாட்டே இல்லை, பிங்க் நாய்ஸ், அதாவது எல்லா அதிர்வெண்களும் கலந்து அருவி விழுவதுபோல் ‘ஷ்ஷ்’ என்று வரும் இரைச்சல். பாட்டுகளில் முன்னால் நின்றது டிரம்ஸ், பேஸ், கிடார், குரல் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் ட்ரேசி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’. தனிக்குரல், தனி வாத்தியம், சின்ன ஜாஸ் குழு, அதாவது டெமோக்காரர்கள் உயிரை விடும் சரக்கெல்லாம் பட்டியலில் கீழே போய்விட்டது. காரணம் எளிது. ஸ்பீக்கர் பெட்டி ஏதோ ஓர் அதிர்வெண்ணில் தானாக முனகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓடுகிற இசையில் அந்த அதிர்வெண் இருந்தால்தானே முனகல் வெளியே வரும்? மெல்லிய பாட்டு அந்தப் பக்கமே போகாமல் தப்பித்துவிடும்.

தனிக்குரலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எம்பி3 உருவான காலத்தில் அதில் வேலை செய்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், மற்ற பாட்டுகளில் மறைந்திருந்த பிழை அந்த வெறும் குரலில் அப்பட்டமாகத் தெரிந்தது. அது கோப்பைச் சுருக்குவதில் வரும் குறை. ஸ்பீக்கரின் குறை வேறு ஜாதி, அதற்கு வேறு பாட்டு வேண்டும்.

சரி, எந்தப் பாட்டு? என் ஓட்டு நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும்.

அமெரிக்காவில் ஹாரி பியர்சன் 1973-இல் ‘தி ஆப்சல்யூட் சவுண்ட்’ இதழைத் தொடங்கியபோது ஓர் அளவுகோல் வைத்தார்: மைக் இல்லாத நிஜ வாத்தியம் நிஜமான ஓர் இடத்தில் எப்படி ஒலிக்கிறதோ, அதோடு ஒப்பிட்டுத்தான் செட்டைப் பற்றிப் பேச வேண்டும். அவர்களுக்கு அது ஆர்கெஸ்ட்ரா. நமக்கு? சபா கச்சேரி பெரும்பாலும் மைக் வழியாகத்தான் வருகிறது, வீணையை மைக் இல்லாமல் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. சினிமாப் பாட்டு ஸ்டுடியோவில் பிறந்தது, அதற்கு ‘நிஜம்’ என்று ஒன்று கிடையாது. ஆனால் சாமி புறப்பாட்டில் வாசிக்கும் நாகஸ்வரத்தையும் தவிலையும், சாவு வீட்டுப் பறையையும் பத்தடி தூரத்தில் நின்று வெறும் காதால் கேட்காத தமிழர் குறைவு. அந்தச் சத்தம் நமக்குள் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. ஸ்பீக்கர் பொய் சொன்னால், ட்வீட்டர் என்றால் என்னவென்றே தெரியாதவர்கூட “இது நாயனம் மாதிரி இல்லையே” என்று சொல்லிவிடுவார். அந்த ஜாஸ் பாடகியின் குரல் நேரில் எப்படி இருக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு காரணமும் உண்டு. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. நாகஸ்வரத்தில் ஊதும் முனையான சீவாளியில் பிறக்கும் அந்தக் கணீர் ஒலியின் பலம் நிறைய அங்கேதான் வந்து விழுகிறது. சாதாரண இரண்டு வழி ஸ்பீக்கரில், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபர் தன் வேலையை உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரிடம் ஒப்படைக்கும் இடமும் பெரும்பாலும் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். ஒப்படைப்பு ஒழுங்காக இல்லாவிட்டால் நாகஸ்வரம் சில ஸ்வரங்களில் மட்டும் காதைக் கிழிக்கும், சில ஸ்வரங்களில் பின்வாங்கிவிடும். தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டுப் பாருங்கள், கமகம் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே போகும்போது ஒரு அதிர்வெண்ணும் பாக்கி இல்லாமல் தொட்டுவிட்டு வரும். லேபில் கருவி வைத்துச் செய்கிற சோதனையை வித்வான் மூச்சாலேயே செய்துவிடுகிறார்.

தவில் சோதிப்பது ஆம்ப்ளிஃபயரை. வலது பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல், இடது பக்கமான தொப்பியில் குச்சி, அந்த அடியின் முனை ஒரு நொடியில் சின்னத் துணுக்கு நேரத்தில் வந்து போய்விடும். 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் ஆம்ப் 10 மடங்கு சக்தி தர வேண்டும், 20 டெசிபலுக்கு 100 மடங்கு. சராசரியாக 1 வாட்டில் சுகமாக ஓடிக்கொண்டிருக்கும் செட், சராசரியைவிட 20 டெசிபல் எகிறும் ஓர் அடிக்கு அந்தக் கணம் 100 வாட் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை மழுங்கி, தவில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிடும். இன்றைக்கு வரும் பாட்டுகள் பலவற்றில் இந்த முனைகளைப் பதிவின் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கிலேயே நசுக்கிச் சமமாக்கிவிடுகிறார்கள், ஆகவே அவற்றைப் போட்டால் எந்த ஆம்பும் பாஸ்.

பேஸுக்கு மிருதங்கத்தின் கும்கி. இடது பக்கம் ரவை அப்பிய தொப்பியில் உள்ளங்கையை அழுத்தித் தள்ளும்போது சுருதி வழுக்கி ஏறும் இல்லையா, அதுதான் கும்கி. பேஸ் வீங்கிய ஸ்பீக்கரில் எல்லாக் கும்கியும் ஒரே ‘தம்’ ஆகிவிடும், வழுக்கலே கேட்காது. “பேஸ் நல்ல ஆழம்” என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு தனி ஆவர்த்தனம் கேட்டிருந்தால் அந்த வரி வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம், 1950, 60-களின் மோனோ பாட்டுகள். ஸ்டீரியோ செட்டைச் சோதிக்க மோனோவா என்று சிரிக்க வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே ஒலி வரும்போது பாடுபவர் நட்டநடுவில், ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். அகலமாகப் பரவினாலோ, உயரமான ஸ்வரத்துக்குப் போகும்போது ஒரு பக்கம் நகர்ந்தாலோ, இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுபோல் இல்லை அல்லது வைத்த இடம் சரியில்லை. காசு செலவில்லாத சோதனை. கே.பி. சுந்தராம்பாள் உச்சஸ்தாயியில் நிற்கும் இடம் ஒன்றைப் போட்டால் கூடுதல் பலன், ட்ரெபிள் தூக்கலான ஸ்பீக்கர்கள் அங்கேயே அலறிவிடும். ராஜரத்தினம் பிள்ளையின் 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுப் பதிவுகள் இன்னும் கடினமான பரீட்சை, ஏதோ ஒரு செட்டில் உரசல் சத்தம் மட்டும்தான் கேட்கும், ஏதோ ஒரு செட்டில் உரசலைத் தாண்டி அந்த மனிதர் மூச்சு வாங்கும் அளவு தெரியும்.

சென்னையில் ஒரு பெரிய ஷோரூமில் நான் பென் டிரைவில் கொண்டுபோன நாகஸ்வரத்தைப் போடச் சொன்னபோது, “சார், ரெக்கார்டிங் குவாலிட்டி சரியில்லை, இதில் ஸ்பீக்கரை ஜட்ஜ் பண்ண முடியாது” என்று மறுத்துவிட்டார்கள். பாதி நியாயம் அதில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஃபிளாய்ட் டூல் இதைக் ‘குழப்ப வட்டம்’ என்பார்: பதிவுகளை ஸ்பீக்கரில் கேட்டுத்தான் உருவாக்குகிறார்கள், அந்த ஸ்பீக்கர் நல்லதா என்பதைப் பதிவுகளைப் போட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள், எங்கே போய் நிற்பது? ஆனால் அந்த வட்டம் அமெரிக்கப் பாட்டுக்கும் அப்படியேதான் பொருந்துகிறது. மேலும் வாங்குகிறவர் வீட்டில் இருக்கும் பாட்டில் பெரும்பகுதி ‘சரியில்லாத’ பதிவுதான், கேசட்டிலிருந்து ஏற்றியது, ஸ்ட்ரீமிங்கில் வந்த பழைய பாட்டு, யாரோ சபாவில் பதிவு செய்த கச்சேரி. அதைக் கேட்கும்படி ஒலிக்காத ஸ்பீக்கர் அவருக்கு எதற்கு? ‘ஸ்டீரியோஃபைல்’ இதழைத் தொடங்கிய ஜே. கோர்டன் ஹோல்ட், பதிவு எவ்வளவு பிரமாதமோ வாசிப்பு அவ்வளவு சுமார் என்று கிண்டலாக ஒரு விதியே சொல்லிவைத்தார். நம் ஊர் டெமோ சிடிகளைக் கேட்டால் அவர் இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருப்பார்.

இளைஞர்கள் கானாவையோ மெட்டலையோ போட்டுப் பார்க்கட்டும், அதுவும் நல்ல சோதனைதான். பாட்டே வேண்டாம் என்பவர்கள் வெறும் பேச்சைப் போடலாம். பிபிசி பொறியாளர்கள் தங்கள் மானிட்டர் ஸ்பீக்கர்களை உருவாக்கிய நாளில் மனிதப் பேச்சைத்தான் மிகவும் நம்பினார்கள், பழகிய குரலில் சின்ன மாற்றம் வந்தாலும் காது விடாது. வீட்டில் தினமும் கேட்கும் ஒரு குரலை போனில் பதிவு செய்துகொண்டு போனால் போதும், மூக்கடைத்துப் பேசுவதுபோல் கேட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த மதிப்பீட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, எந்தெந்தப் பதிவைக் கேட்டார், அதில் தமிழ்ப் பதிவு எத்தனை, பழையது எத்தனை, எந்த இடத்தில் ஸ்பீக்கர் தடுமாறியது என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிட்டால் சத்த அளவைச் சமமாக வைத்தாரா என்பதும் வேண்டும், கொஞ்சம் சத்தமாக இருப்பதே காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும், இது விற்பனையாளர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை. கேட்ட அறையைப் பற்றியும் இரண்டு வரி. கார்ப்பெட்டும் ஃபோமும் ஒட்டிய டெமோ அறை வேறு, டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் ஸ்டீல் பீரோவும் இருக்கும் நம் ஹால் வேறு. 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலி தானாகவே வீங்கும், அந்த வீக்கத்தை ஸ்பீக்கரின் பெருமையாக எழுதிவிடக் கூடாது. முடிந்தால் மின்விசிறியை ஓடவிட்டும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள், மே மாதம் அதை நிறுத்திவிட்டு இங்கே யாரும் பாட்டுக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்