குண்டூசிக்கு, கனடா மார்க்கத்திலிருந்து

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஏழு மாதம் இழுத்தடித்துவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, இவருக்கு வேலையில் நைட் ஷிஃப்ட், மற்றபடி எல்லாரும் சுகம். கலியாணப் படங்கள் பார்த்தேன். கொண்ணை இன்னும் அந்த மீசையை எடுக்கவில்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டிருந்தாய். அவள் ஐஸ் ஹொக்கி விளையாடப் போகிறாளாம், அதுவும் தொழிலாக. போன வெள்ளி இரவு இடியப்பம் சாப்பிடும்போது, உப்புக் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். சொதிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே இவர் என்னைப் பார்த்தார். அவளை முதன்முதல் மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே!

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மார்க்கம் தண்டர் என்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு பெண்கள் அணி இருந்தது. பக்கத்தில் தோர்ன்ஹில் சமூக நிலைய அரீனாவில் விளையாடுவார்கள். அவர்கள் விளையாடிய கனடியப் பெண்கள் ஹொக்கி லீக் என்பது 2007இல் வீராங்கனைகளே கூடித் தொடங்கியது. அதற்கு முன் 1999இலிருந்து இருந்த லீக் அந்த வருடம்தான் படுத்துவிட்டது. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பெண்கள் பத்து வருடம் சம்பளமே இல்லாமல் விளையாடினார்கள் என்றால் நம்புவாயா? 2017இல்தான் வருடத்துக்கு 2,000 டொலரிலிருந்து 10,000 வரை கொடுக்கத் தொடங்கினார்கள். மகளின் ஒரு வருடக் கட்டணத்துக்கும் மட்டைக்கும் ஸ்கேட்டுக்கும் அந்த இரண்டாயிரம் எந்த மூலைக்கு? மேட்ச் முடிந்ததும் அவர்கள் ஆள் உயரப் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு கார் தரிப்பிடத்துக்கு நடப்பார்கள். விடிந்தால் வேறு வேலைக்குப் போகவேண்டும். அப்படிப் போன ஒருத்தி நின்று, மகளின் தொப்பியில் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தொப்பியை இன்றுவரை என்னைத் துவைக்க விடுவதில்லை.

2018இல் அந்த அணி, சீனாவிலிருந்து வந்து லீக்கில் சேர்ந்திருந்த அணியை இறுதிப் போட்டியில் மேலதிக நேரத்தில் 2-1 என்று வென்று லீக்கின் கிளார்க்சன் கிண்ணத்தைத் தூக்கியது. லோரா ஸ்டேசி அடித்த கோல். அடுத்த வருடம் மார்ச் 24 கல்கரி வென்றது. சரியாக ஒரு கிழமை கழித்து, 31ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, லீக்கையே மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். காசு கட்டுபடியாகவில்லையாம். 'இனி ஆர் விளையாடுவினம்?' என்று பிள்ளை கேட்டாள். நான் என்ன சொல்ல?

அமெரிக்காவில் ஒன்று மிஞ்சியிருந்தது. 2015இல் தொடங்கியது, சம்பளம் கொடுத்த முதல் லீக் என்ற பெருமை, ஆனால் இரண்டாம் பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அந்தச் சம்பளத்தை வெட்டினார்கள். இதையெல்லாம் பார்த்துச் சலித்துப்போய்த்தான் 2019 மே மாதம் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள், காப்புறுதியும் வாழ்கிற அளவுக்குச் சம்பளமும் தருகிற லீக் வரும்வரை வட அமெரிக்காவில் எந்த லீக்கிலும் விளையாடமாட்டோம் என்றார்கள். கனடிய அணித் தலைவி மரி-ஃபிலிப் பூலானுக்கு அப்போது 28 வயது. அவள் மறுபடி ஒரு லீக்கில் இறங்கியபோது 32. இடையில் தேசிய அணி, அங்கொன்று இங்கொன்றாகக் காட்சிப் போட்டிகள், அவ்வளவுதான். ஒரு விளையாட்டுக்காரியின் நல்ல வயது எது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

பிறகு 2023இல் மார்க் வால்டர் என்ற பணக்காரரும் டென்னிஸ் பில்லி ஜீன் கிங்கும் வந்து, அந்த அமெரிக்க லீக்கை வாங்கி மூடிவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். 2024 ஜனவரி முதலாம் திகதி ரொறன்ரோவில் முதல் மேட்ச். பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம்: கீழே சுப்பர் மார்க்கெட், மேலே ஐஸ். நாங்கள் டிவியில் பார்த்தோம். நியூயோர்க் எங்கள் ரொறன்ரோ அணியை 4-0 என்று அடித்துத் துவைத்தது. மகளோ தோற்றதற்கு அழாமல், அரங்கு நிறைந்திருந்ததைப் பார்த்து அழுதாள். அந்த ஏப்ரலில் மொன்றியலில் 21,105 பேர் வந்தார்கள். பெண்கள் ஹொக்கிக்கு உலகிலேயே அதுவரை கூடாத கூட்டம்.

பகிடி ஒன்று சொல்கிறேன். முதலிடம் வந்த அணி அரையிறுதியில் எதிராளியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு விதி. முதலிடம் எங்கள் ரொறன்ரோ. வரிசையாகத் தோற்று, அரையிறுதிக்கான கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டு வந்த மினசோட்டாவைக் கேட்டு வாங்கினார்கள். முதல் இரண்டு மேட்சும் எங்களுக்கு. அப்புறம் மூன்றும் அவர்களுக்கு! கிண்ணமும் அவர்களுக்கே போனது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. 'அந்தப் பள்ளிக்கூடம்தான் லேசு' என்று நீ சீட்டு எடுத்த நாள் ஞாபகம் வந்து, தனியாக இருந்து சிரித்தேன்.

2025இல் வன்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டு அணியானது. எங்கள் வீராங்கனை சாரா நேர்ஸ் எங்களை விட்டு வன்கூவர் போனதற்கு வீட்டில் இரண்டு நாள் துக்கம். ஆனால் குண்டூசி, என் பயம் அது இல்லை. எல்லா அணிக்கும் முதலாளி ஒரே இடம். அவர்களுக்கு அலுத்துப்போனால்? மகள் உடனே கணக்குச் சொல்கிறாள்: தொடங்கும்போதே குறைந்த சம்பளம் வருடத்துக்கு 35,000 அமெரிக்க டொலர், தொழிற்சங்க ஒப்பந்தம் 2031 வரை இருக்கிறது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2031இல் அவளுக்கு 22 வயது. பல்கலைக்கழகம் முடித்து அவள் வாசலுக்கு வரும் வருடம்தான் அந்த ஒப்பந்தமும் முடிகிறது.

'முதலில் பட்டத்தை எடு, பிறகு பார்க்கலாம்' என்றேன். சொன்னதும் எனக்கே திக்கென்றது. மாவட்ட வலைப்பந்து அணிக்கு உன்னைக் கூப்பிட்டபோது உன் அப்பா கதிரையில் இருந்தபடி சொன்ன அதே வசனம், அதே குரல். ஏ.எல். பரீட்சை முடியட்டும் என்றார். முடிந்தது. பிறகு யார் பார்த்தார்கள்? உன்னிடம் அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கோபமா, மறந்துவிட்டாயா? நீ சொல்வதை வைத்துத்தான் நான் மகளோடு திரும்பக் கதைக்கவேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவளுக்குப் பயிற்சி. நான் அரீனா வாங்கில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருப்பேன். உனக்குப் பின்னேரம் ஐந்து மணி. அப்போது போன் எடு. அவள் ஐஸில் இருப்பாள், நாங்கள் கதைப்பது கேட்காது.

உன்,
நெட்டை

பி.கு.: தோடம்பழத்தை எடுத்தது நான் இல்லை. முப்பது வருடமாகச் சொல்கிறேன்.