பெட்டி ஜீப்போடு போய்விடுகிறது

போடியிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் தம்பிகளுக்கும், கங்காணி அண்ணன், அக்காமாருக்கும் வணக்கம். அடிபட்டவர் துணியை வெட்ட ஜீப் பெட்டியிலும் கங்காணி பையிலும் இருக்க வேண்டிய கத்தரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி எங்களை இறக்கிவிட்டு ஜீப் திரும்பும்போது, சீட்டுக்கடியில் இருக்கும் முதலுதவிப் பெட்டியும் கூடவே போய்விடுகிறது. சாயங்காலம்தான் மறுபடி கண்ணில் படும். நடுவில் அடிபட்டால் கங்காணியின் பையில் இருப்பதுதான் கதி.

போன ஆடி மழையில் எங்கள் செட்டு அக்கா ஒருவர் சரிவில் வழுக்கி விழ, வெட்டிவிட்ட குச்சி ஒன்று கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. சேலைக்குள் போட்டிருந்த ஜீன்ஸ் பேன்ட் நனைந்து ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. பையில் இருந்தது ஒரு மடக்குக் கத்தரியும் பாதி பிளேடும்தான். கத்தரி ஈரத்துணியை மென்றதே தவிர வெட்டவில்லை. பதற்றத்தில் பிளேடை எடுத்தோம். துணி கிழிந்தது, முழங்காலுக்குக் கீழே புதிதாக ஒரு கோடும் விழுந்தது. நல்லவேளை, ஒருவர் நீட்டிய அரிவாளை யாரும் வாங்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கத்தரியைக் கவனித்துப் பார்த்தேன். அதன் கீழ் அலகின் நுனி கூராக இருக்காது, தட்டையாக உதடு மாதிரி இருக்கும். தோலுக்கும் துணிக்கும் நடுவே குத்தாமல் நுழைகிறது. அலகில் உள்ள நுண்பற்கள் ஈரத்துணியை நழுவவிடாமல் பிடிக்கின்றன. அலகு வளைந்திருப்பதால் பிடித்த கை தோலில் இடிக்காது. பெரிய அளவு சுமார் 19 செ.மீ., ஜீப் பெட்டிக்கு அது போதும். சின்னது 14 செ.மீ. சுமாருக்கு வருகிறது, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்கிவிடும். கங்காணி பைக்கு அதுதான் சரி. கனத்த துணிக்குச் சின்னது கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனாலும் போகும். வாங்கும் முன் பழைய ஜீன்ஸ் துண்டை நனைத்து இரண்டாய் மடித்து வெட்டிப் பாருங்கள். நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கத்தியும் பிளேடும் பையில் வேண்டவே வேண்டாம். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறி ரத்தத்தை வெளியேற்றும் பழக்கம் நம்மில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. ஆளை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் ஒன்றுதான். பிளேடு பையில் இருந்தால் பதற்றத்தில் கை அதற்குத்தான் போகும்.

துணியைத் தையல்மேல் வெட்டாதீர்கள், அங்கே தடிப்பு. தையலுக்குப் பக்கத்தில், கீழிருந்து மேலே போங்கள். காயத்தில் ஒட்டிய துண்டைப் பிய்க்காமல் சுற்றி வெட்டுங்கள்.

இன்னொன்று. நல்ல கத்தரி என்று தெரிந்தால் சாக்கு நூல் அறுக்கவும் பிளாஸ்திரி வெட்டவும் ஆளாளுக்குக் கேட்பார்கள். சிவப்புக் கயிறு கட்டி வையுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

விலை நம்மில் ஒருவரின் ஒரு நாள் கூலிக்குள் அடங்கும். எங்கள் செட்டில் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒன்று வாங்கிவிட்டோம். பார்க்க வேண்டுமானால் திங்கட்கிழமை காலை ஜீப் கிளம்பும் முன் வாருங்கள், நனைத்த ஜீன்ஸும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
முன்சீட்டில் இடம் கிடைக்காத ஒருத்தி