தம்பிக்கு ஒரு கடிதம்: அது கோபம்தானா?

அன்புள்ள தம்பிக்கு,

"வேலை டென்ஷன்தான் அக்கா" என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. வேலை டென்ஷன் உனக்கு என்றைக்கும் இருந்ததுதான். மனைவி சாதாரணமாக ஒன்று கேட்டால்கூட எரிந்து விழுவது புதிது. உன் நண்பனுக்குப் பதவி உயர்வு கிடைத்த பிறகு வந்தது.

கோபம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. கோபப்பட வெளியே யாராவது ஓர் ஆள் கிடைத்துவிடுவார். பொறாமை, அவமானம், நாம் இனி லாயக்கில்லையோ என்ற பயம் இதெல்லாம் அப்படியில்லை. நம்மையேதான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் மனசு நைசாக எல்லாவற்றையும் கோபத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. நண்பன்மேல் பொறாமைப்படுவதால் நீ கெட்டவனாகிவிட மாட்டாய். அவனுக்காகச் சந்தோஷப்பட்ட அதே நாளில் உனக்காக வலிக்கவும் செய்யலாம்.

உடனே போய் யாரிடமும் பேச வேண்டாம். முதலில் எழுது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களை ஆழமாகப் பாதித்த விஷயத்தைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததோடு அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைவாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறியதாகத்தான் தெரிந்தது, மாய மருந்தெல்லாம் இல்லை. ஆனாலும் யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தால் கை பொய் எழுதுவது குறையும். எழுதிவிட்டுக் கிழித்துப் போடு.

அப்புறம் உன் மனைவியிடம் சொல். அவளுக்கு எதற்குப் பாரம் என்றுதான் மறைப்பதாக நினைக்கிறாய். 2003-இல் எமிலி பட்லரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மனதை உலுக்கும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டிரண்டு பெண்களாகப் பேசிக்கொண்டார்கள். ஒருத்தியிடம் மட்டும், உணர்ச்சியை வெளியே காட்டாதே என்று சொல்லி வைத்திருந்தார்கள். எதிரே இருந்தவளுக்கு ரத்த அழுத்தம் கூடியது. இத்தனைக்கும் அவர்கள் முன்பின் தெரியாதவர்கள். தினமும் உன் முகத்தைப் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்? காரணம் தெரியாததால், தன்மேல்தான் ஏதோ தப்பு என்று அவள் யோசித்துக்கொண்டிருப்பாள்.

மனதில் பட்டதையெல்லாம் பட்டென்று கொட்டுவதை நான் சொல்லவில்லை. "நீ என்னைப் புரிந்துகொள்வதே இல்லை" என்பது அவள்மேல் வைக்கிற குற்றச்சாட்டு. "நான் பின்தங்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது" என்பதில்தான் நீ இருக்கிறாய். ஆலோசனை வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் அவள் வழி சொல்ல ஆரம்பிப்பாள், நீ மறுபடி எரிந்து விழுவாய்.

என்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றினால் கூப்பிடு. பொறாமை என்று நீ ஒத்துக்கொண்டால் சிரிக்க மாட்டேன். சரி, கொஞ்சம் சிரிப்பேன்.

அன்புடன்,
அக்கா