சர்வீஸுக்குக் கொடுத்த பிறகு முன்பைவிடச் சூடாகும் லேப்டாப்: ஐந்தாவது புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்குக்கும் "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. மாடல், சீரியல் நம்பர் எல்லாம் உங்கள் பதிவில் இருக்கிறது, திரும்ப எழுதவில்லை. 2018இல் வாங்கிய, ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் சிப் உள்ள அதே கேமிங் லேப்டாப்தான்.

சர்வீஸுக்கு வரும் முன் கேம் ஓடும்போது ஜிபியு, அதாவது அந்த கிராஃபிக்ஸ் சிப், 86 டிகிரி வரை போகும். பழைய மிஷின், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், ஃபேனில் தூசி அடைத்திருக்கும், சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்தால் பத்து டிகிரியாவது இறங்கும் என்று நம்பித்தான் கொண்டுவந்தேன். வெளியே யாரிடமும் கொடுக்கவில்லை. உங்கள் பொருளைப் பற்றி உங்களைவிட வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பதினோரு நாள் வைத்திருந்து கொடுத்தீர்கள். அன்று இரவே 93 டிகிரி. நாலாவது நிமிஷத்தில் ஜிபியுவின் வேகம் 1600 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1100க்கு விழுகிறது, படம் திக்கித் திக்கி நகர்கிறது.

இதைச் சொல்லத்தான் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிஷம் காத்திருந்து கிடைத்த ஆள் சொன்னது இது: "சார், பழைய லேப்டாப் சூடாகத்தான் செய்யும். பொறுக்கலைன்னா கேம் விளையாடாதீங்க, இல்லைன்னா புதுசு வாங்குங்க." சர்வீஸுக்கு முன் 86, பின் 93 என்று மறுபடி சொன்னேன். "அதெல்லாம் நார்மல்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த அழைப்பைப் பதிவு செய்திருப்பீர்கள். தயவுசெய்து நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள். கேமிங் லேப்டாப் என்று பெயர் வைத்து விற்றுவிட்டு கேம் விளையாடாதே என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அப்புறம் நானே அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். "ஃபேன் சுத்தம் செய்யப்பட்டது" என்று உங்கள் ஜாப் ஷீட்டில் இருக்கிறது. ஃபேனின் இறக்கைகளை மட்டும் துடைத்திருக்கிறார்கள். ஃபேனுக்கும் காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி போலத் தூசி படிந்திருந்தது. நகத்தால் உரித்ததும் ஒரே துண்டாக வந்தது. சிப்பின் மேல் அமர்ந்து சூட்டை இழுக்கும் செம்பு ஹீட்சிங்கைத் தூக்கியபோது எனக்கு மனசே விட்டுப்போனது. சிப்பின் ஒரு மூலையில் மட்டும் பேஸ்ட் அழுந்தியிருக்கிறது, மீதி இடத்தில் வைத்த பேஸ்ட் வைத்தபடியே மேடாக நிற்கிறது. செம்பு அங்கே சிப்பைத் தொடவே இல்லை. காரணம், சுற்றியுள்ள மெமரி சிப்கள் மேல் நீங்கள் மாற்றிய தெர்மல் பேட், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற பட்டை. பழையதைவிடத் தடிமனானதை ஒட்டியதால் ஹீட்சிங்கை அதுவே தூக்கிப் பிடித்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் கூடினாலே போதும், இந்த நிலைமை வந்துவிடும். போதாததற்கு, 1, 2, 3, 4 என்று எண் போட்ட ஸ்க்ரூக்களில் 3ஐக் காணவே இல்லை!

லேப்டாப்பைத் திரும்ப எடுக்க வந்த நாளைச் சொல்ல மறந்துவிட்டேன். "தயாராக உள்ளது" என்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். லீவு போட்டுவிட்டு மழையில் வந்தேன். மாலை வரை உட்காரவைத்து, டெக்னீஷியன் வரவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். போன் செய்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸையும் என்னைக் கேட்காமலே அப்டேட் செய்திருக்கிறீர்கள். 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறைக்காக பிராசசர் வோல்டேஜைக் குறைக்கும் வசதியைப் பூட்ட வேண்டியிருந்தது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மாடலில் பிராசசருக்கும் ஜிபியுவுக்கும் சூட்டை வெளியே கடத்தும் ஹீட் பைப் பொதுவானது என்பது அதை வடிவமைத்த உங்களுக்குத் தெரியாதா? வோல்டேஜைக் குறைக்க முடியாததால் கூடும் பிராசசரின் சூடு நேராக ஜிபியுவுக்கு வருகிறது. இப்போது விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசசரை 99 சதவீதத்துக்குக் குறைத்து, டர்போ வேகத்தையே இழந்துதான் ஓட்டுகிறேன்.

ஜிபியுவை 0.8 வோல்ட்டில் 1500 மெகாஹெர்ட்ஸுக்கு நிறுத்தி, ஃபிரேம் ரேட்டை விநாடிக்கு 60 படங்களோடு கட்டி, லேப்டாப்பின் பின்பக்கத்தை உயர்த்தி வைத்த பிறகு 85க்கு வந்தது. நான் வீட்டில் செய்தது 8 டிகிரி இறக்கியது, உங்கள் சர்வீஸ் 7 டிகிரி ஏற்றியது.

வெளிநாட்டில் இருக்கும் என் தம்பியோடு சனிக்கிழமை இரவில் சேர்ந்து விளையாடுவதுதான் எங்களுக்குள் மிச்சமிருக்கும் ஒரே பேச்சு. இரண்டு மாதமாக அதுவும் இல்லை. அண்ணன் தம்பி உறவையே அறுத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த கஸ்டமர் கேர் ஆளுக்கு இதெல்லாம் நார்மல்.

உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. இந்த லேப்டாப்பை எனக்குப் பிடிக்கும், இன்னும் சில வருஷம் ஓட்டவே விரும்புகிறேன். புது லேப்டாப்பும் கேட்கவில்லை. சரியான தடிமனுள்ள பேட் ஒட்டி, புது பேஸ்ட் வைத்து, என் கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டி வெப்பநிலையைக் காட்டுங்கள். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் பேட் என்பதையும் எழுதிக் கொடுங்கள், அடுத்த முறை உங்களைத் தொந்தரவு செய்யாமல் நானே மாற்றிக்கொள்கிறேன். அந்த நபரின் பேச்சுக்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் ஜாப் ஷீட்டையும் இதோடு இணைத்துள்ள படங்களையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அடிமூடியைக் கழற்றியதும் எடுத்த ஆறு படங்களை இணைத்திருக்கிறேன். மூன்றாம் எண் ஸ்க்ரூ உங்கள் மேஜையில்தான் எங்காவது கிடக்கும், அதையும் தேடி எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
2018 முதல் உங்கள் வாடிக்கையாளர்